முதல் வான்கோழி: சனிக்கிழமையே தொடங்குங்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்ஸ்கிவிங், அதாவது நன்றி சொல்லும் நாள். இந்த வருடம் நம் வீட்டிலேயே வான்கோழி செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தால் முதலில் காலண்டரைக் கையில் எடுங்கள், மசாலாவைப் பற்றி அப்புறம் பேசலாம். புதிதாக வந்தவர்கள் வீட்டில் வான்கோழி சொதப்புவது பெரும்பாலும் கைப்பக்குவம் போதாமல் அல்ல. புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய், கல்லாய் உறைந்து கிடக்கும் ஒன்றைத் தூக்கி வந்து, வியாழன் காலை அதன் வயிற்றுக்குள் கைவிட்டால் இன்னும் ஐஸ் கட்டி. விருந்தாளிகளோ மூன்று மணிக்கு வருகிறார்கள். அதற்கு மேல் யாருடைய சமையல் குறிப்பும் உதவாது.

கோழி சமைத்த அனுபவம் இதில் பாதி உதவும், பாதி கெடுக்கும். நாம் கோழியைத் தோலுரித்து, துண்டு போட்டு, குழம்பில் வேகவிடுகிறோம். கறியின் ஈரம் எங்கும் போவதில்லை. இங்கே ஐந்தரை கிலோ பறவை முழுசாக, தோலோடு, வறண்ட சூட்டில் மூன்று மணி நேரம் இருக்கிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். தொடை மெதுவாகத்தான் வேகும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும். வான்கோழிச் சமையலின் மொத்தச் சிக்கலும் இவ்வளவுதான்.

எத்தனை பவுண்டு வாங்குவது?

ஆளுக்கு ஒரு பவுண்டு, மறுநாளைக்கும் மிஞ்ச வேண்டுமென்றால் ஒன்றரை. எலும்போடு சேர்த்த எடை இது. முதல் தடவை 12 முதல் 14 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். 20 பவுண்டு பறவை கடையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், வீட்டு ஃப்ரிட்ஜில் அதற்கு இடம் இருக்காது. கூட்டம் அதிகமென்றால் 10 பவுண்டில் இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம். நான்கைந்து பேர்தான் என்றால் முழுப் பறவையே வேண்டாம், எலும்போடு நெஞ்சுப்பகுதியை மட்டும் தனியாக விற்கிறார்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உறைந்தது, உறையாதது என்று இரண்டு வகை உண்டு. உறையாததற்கு விலை அதிகம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், வாங்கி வந்து ஓரிரு நாளில் சமைத்தாக வேண்டும். உறைந்தது மலிவு. நவம்பரில் இவ்வளவு டாலருக்குச் சாமான் வாங்கினால் வான்கோழி இலவசம் என்று சில சூப்பர் மார்க்கெட்டுகள் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் உறைந்ததுதான். சுவையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹலால் வேண்டுமென்றால் பக்கத்து ஹலால் கறிக்கடையில் மாத ஆரம்பத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

எதை வாங்கினாலும் உறையின் மேலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். உப்புக் கரைசல் சேர்த்தது என்று போட்டிருந்தால், தொழிற்சாலையிலேயே ஊசி வழியாக உப்புநீர் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். கோஷர் (யூத சமய முறைப்படி தயாரித்தது) என்று எழுதியிருந்தாலும் ஏற்கெனவே உப்பிட்டதுதான். இவற்றுக்கு நான் பிறகு சொல்லப்போகும் உப்புத் தடவும் வேலை தேவையில்லை. தடவினால் கரித்துக் கொட்டும்.

கறியோடு சேர்த்து வாங்க வேண்டியது ஒரு தெர்மாமீட்டர். கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வகை, இருபது டாலருக்குள் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய ரோஸ்டிங் தட்டு இல்லையென்றால் கடையில் கிடைக்கும் அலுமினியத் தட்டு போதும். ஆனால் அதன் அடியில் ஒரு கனமான பேக்கிங் தட்டைக் கொடுத்தே ஓவனில் வையுங்கள். சூடான கொழுப்போடு அந்த மெல்லிய தட்டைத் தனியாகத் தூக்கினால் நடுவில் மடங்கிவிடும், காலில் கொட்டும்.

அப்புறம் ஓவன். நம் வீடுகளில் அது பெரும்பாலும் வாணலியும் தோசைக்கல்லும் அடுக்கிவைக்கும் அலமாரி. முந்தின வாரக் கடைசியிலேயே காலி செய்து, துடைத்து, அரை மணி நேரம் சூடாக்கிப் பாருங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கு புகைந்து அலாரம் அடிப்பதாக இருந்தால் அன்றைக்கே அடிக்கட்டும். நீங்கள் வாங்கிய தட்டு உள்ளே போகிறதா, கதவு மூடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அபார்ட்மெண்ட் ஓவன்களில் சில ரொம்பக் குறுகல்.

சனி முதல் புதன் வரை

ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. 12 பவுண்டு என்றால் மூன்று நாள். உப்பு ஊற இன்னும் ஒன்றரை நாள். எனவே சனிக்கிழமை காலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஓரம் உயர்ந்த ஒரு தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் சொட்டுகிற தண்ணீர் கீழே உள்ள தயிரிலும் கொத்தமல்லியிலும் விழும்.

சமையல் மேடையில் வெளியே வைத்து இளக்கக் கூடாது. மேல்பகுதி அறைச் சூட்டுக்கு வந்து கிருமி பெருக ஆரம்பித்த பிறகும் உள்ளே உறைந்தே இருக்கும். தாமதமாகிவிட்டது, வேறு வழியில்லை என்றால் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் புகாத பையோடு பறவையை முழுக்க மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி நேரம். 12 பவுண்டுக்கு ஆறு மணி நேரம் ஆகும். இப்படி இளக்கியதைத் திரும்ப ஃப்ரிட்ஜில் போட்டுவைக்காமல் உடனே சமைத்துவிட வேண்டும்.

செவ்வாய் இரவு உறையைப் பிரியுங்கள். இரண்டு பொந்துகளிலும் கையை விட்டுப் பாருங்கள், கழுத்துப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. ஒன்றில் கழுத்து எலும்பும், இன்னொன்றில் ஈரல், இதயம், இரைப்பை எல்லாம் அடங்கிய சின்னப் பையும் இருக்கும். பையை எடுக்காமல் அப்படியே ஓவனில் வைத்துவிடுவது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே நடக்கிற கூத்து. ஈரலை நம் முறையில் மிளகு போட்டு வறுத்து அன்றிரவே சாப்பிட்டுவிடலாம். கழுத்தையும் மற்றதையும் ஒரு வெங்காயத்தோடு வேகவைத்து, வடிகட்டிய சாற்றை கிரேவிக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி கழுவும் பிரச்சினை. மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாமல் கறி சமைப்பதா என்று ஊரிலிருந்து அம்மா போனில் அதிர்ச்சி அடைவார். இங்குள்ள உணவுப் பாதுகாப்பு அறிவுரை கழுவாதே என்பதுதான். தெறிக்கிற தண்ணீரோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சிங்க் முழுக்கப் பரவும், கறியிலுள்ள கிருமியோ வேகும்போதுதான் சாகும். பேப்பர் டவலால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். ஈரம் இல்லாத தோல்தான் மொறுமொறுவென்று வரும் என்பதால் சமையலுக்கும் இதுவே நல்லது.

அடுத்து உப்பு. ஐந்து பவுண்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி கோஷர் உப்பு என்று விற்கும் பரபரப்பான உப்பு. தூள் உப்பானால் அதில் பாதி. நெஞ்சிலும் தொடையிலும் அதிகமாக, வயிற்றுக்குள் கொஞ்சமாக, எல்லா இடத்திலும் படும்படி தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் உப்பு கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரில் உப்பு கரைந்து மெல்ல மறுபடி உள்ளே போகும். உப்பு ஏறிய தசை வேகும்போது குறைவாகச் சுருங்கும், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாளி நிறைய உப்புநீரில் முக்கிவைக்கும் முறையும் உண்டு. அது இடத்தை அடைக்கும், தோலையும் நமுத்துப்போக வைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மசாலா எங்கே, எப்போது?

நம்மவர்கள் பலரும் முதலில் செய்வது தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் கலந்து வெளியே அப்பி, தந்தூரி வான்கோழி என்று பெயர் வைப்பதுதான். துண்டுகளுக்கு அது சரி. முழுப் பறவையில் மூன்று மணி நேரச் சூட்டில் விழுது கருகும், தயிரின் ஈரத்தால் தோல் தொளதொளவென்று ஆகும், மசாலா கறிக்குள் கால் அங்குலம்கூடப் போகாது. உள்ளே இறங்குவது உப்பு மட்டும்தான்.

அதனால் மசாலாவைத் தோலுக்கு அடியில் வையுங்கள். கழுத்துப் பக்கத்திலிருந்து விரல்களை மெதுவாக நுழைத்தால் நெஞ்சுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பை போலத் திறந்துகொள்ளும். நகம் பட்டால் கிழியும், நிதானமாகச் செய்யுங்கள். ஒரு குச்சி (கால் பவுண்டு) வெண்ணெயை இளக்கி, ஒன்றிரண்டாய்ப் பொடித்த மிளகு, வறுத்த சீரகம், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை கலந்து அந்த இடைவெளியில் பரப்பிவிடுங்கள். உப்பில்லாத வெண்ணெயாக இருக்கட்டும். வியாழன் காலை செய்தால் போதும். தோலின் மேல் எண்ணெயும் கொஞ்சம் மிளகும் தவிர வேறெதுவும் வேண்டாம். வயிற்றுக்குள் ஒரு எலுமிச்சை, ஒரு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, எல்லாவற்றையும் பாதியாக வெட்டிப் போடுங்கள். இவை வாசனைக்குத்தான். ரொட்டி ஸ்டஃபிங்கை உள்ளே அடைப்பது பழைய வழக்கம், ஆனால் நடுவில் உள்ள ரொட்டியும் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு வரவேண்டும், அதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும். தனித் தட்டில் செய்துகொள்ளுங்கள்.

வியாழக்கிழமை

சாப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நான்கு மணிக்குச் சாப்பாடு. வெட்ட இருபது நிமிடம், வெட்டுமுன் ஆறவிட அரை மணி. 12 முதல் 14 பவுண்டுக்கு 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம். பதினொன்றே காலுக்குப் பறவை ஓவனுக்குள் இருந்தால் பதற்றம் இருக்காது. சீக்கிரம் வெந்துவிட்டாலும் நஷ்டமில்லை, அலுமினியத் தாள் போர்த்திவைத்தால் ஒரு மணி நேரம்வரை சூடு நிற்கும்.

சிறகு நுனிகளை முதுகுக்கு அடியில் மடக்கிவிட்டு, நெஞ்சு மேலே இருக்கும்படி கம்பித்தட்டின் மேல் வையுங்கள். கம்பித்தட்டு இல்லையென்றால் தடிமனாக வெட்டிய வெங்காயம், கேரட் மேல் வைக்கலாம். அடியில் அரைக் கப் தண்ணீர் ஊற்றினால் சொட்டும் கொழுப்பு தீய்ந்து புகையாது. ஓவனின் கீழ்ப் படியில் வையுங்கள். பிறகு கதவைத் திறக்காதீர்கள். அரை மணிக்கொரு தடவை திறந்து சாற்றை மேலே ஊற்றுவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அதனால் சூடு போகும், தோல் நனையும், கறிக்குள் எதுவும் போவதில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நெஞ்சு நன்றாகச் சிவந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள்.

வெந்ததா என்பதைத் தெர்மாமீட்டரிடம் கேளுங்கள். நெஞ்சின் தடித்த பகுதி, தொடை உடம்போடு சேரும் உள்பகுதி, சிறகின் உள்மூட்டு, மூன்று இடங்களிலும் 165 டிகிரி காட்ட வேண்டும். முனை எலும்பில் தட்டினால் தப்பான எண் வரும். தொடை 175 வரை போனால் இன்னும் மெத்தென்று இருக்கும். சில பறவைகளில் வெந்ததும் மேலே துள்ளும் ஒரு பிளாஸ்டிக் குமிழ் செருகியிருக்கும். அது துள்ளும்போது நெஞ்சு பெரும்பாலும் காய்ந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். நடுவில் சந்தேகம் வந்தால் பட்டர்பால் நிறுவனம் 1981 முதல் நடத்தும் வான்கோழி உதவித் தொலைபேசி இருக்கிறது. அன்றைக்கும் ஆள் இருப்பார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ஆறவிடும் அரை மணி நேரத்தில் ஓவன் காலியாகிவிடும், மற்றத் தட்டுகளை அப்போது சூடாக்கிக்கொள்ளலாம். அடுப்பில் கிரேவியும் முடிந்துவிடும். தட்டில் தேங்கிய சாற்றிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நான்கு மேஜைக்கரண்டி கொழுப்பில் நான்கு மேஜைக்கரண்டி மைதாவைப் பொன்னிறமாக வறுத்து, மீதிச் சாறும் கழுத்தெலும்புச் சாறுமாக இரண்டு கப் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். ருசி பார்த்த பிறகே உப்பு, சாற்றில் ஏற்கெனவே நிறைய இருக்கும்.

முழுப் பறவையை எல்லோரிடமும் காட்டிப் படமெடுத்த பிறகு சமையலறைக்கே கொண்டுவந்து வெட்டுங்கள். முதலில் காலை விலக்கி, மூட்டில் கத்தியை வைத்துப் பிரியுங்கள். தொடையும் காலும் சேருமிடத்தில் இன்னொரு வெட்டு. பிறகு நெஞ்செலும்பை ஒட்டியே கத்தியை இறக்கினால் ஒரு பக்க நெஞ்சு முழுசாகக் கழன்று வரும். அதைக் குறுக்கே, நாரை வெட்டும் திசையில் வில்லைகளாக்குங்கள்.

எண்ணெயில் முழுசாகப் பொரிக்கும் ஆசை யாருக்காவது வந்தால் இந்த வருடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வீட்டுச் சமையலால் தீவிபத்து மிக அதிகமாக நடக்கும் நாள் இதுதான். சரியாக இளகாத பறவை கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் பொங்கி வழிந்து அடுப்பில் பற்றிக்கொள்ளும்.

உடன் வைப்பவை

உருளைக்கிழங்கு மசியல், ரொட்டி ஸ்டஃபிங், பச்சை பீன்ஸ் கேஸரோல் (ஓவனில் சுடும் பீன்ஸ் கலவை), சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கிரான்பெர்ரி சாஸ், பூசணி பை (pie) என்ற இனிப்பு. இதுதான் வழக்கமான வரிசை. பழங்காலத்து மரபு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், பீன்ஸ் கேஸரோல் 1955-ல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரைலி என்பவர் டப்பா சூப்பை வைத்து உருவாக்கியது. கறுப்பின மக்கள் வீடுகளில் மக்ரோனி சீஸ் இல்லாமல் தேங்ஸ்கிவிங் இல்லை. இத்தாலிய வம்சாவளி வீடுகளில் லசானியா இருக்கும், மெக்சிகோ வம்சாவளி வீடுகளில் தமாலே. உங்கள் மேஜையில் எலுமிச்சைச் சாதம் இருந்தால் யாரும் புருவம் உயர்த்தப் போவதில்லை.

கிரான்பெர்ரியை மட்டும் டப்பாவில் வாங்காதீர்கள். 12 அவுன்ஸ் பை ஒன்று, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். பத்து நிமிடம் கொதித்தால் பழங்கள் படபடவென்று வெடித்து, ஆறியதும் தானாகவே இறுகிக்கொள்ளும். இரண்டாவது பை வாங்கி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூளும் வறுத்த வெந்தயப் பொடியும் போட்டுத் தொக்காகக் கிண்டுங்கள். அந்தப் புளிப்பு மாங்காய்க்குச் சளைத்ததல்ல. அமெரிக்கத் தமிழர் வீடுகளில் பலரும் செய்வதுதான். வான்கோழிக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டுக்கை எனக்குத் தெரிந்து வேறில்லை.

புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ எல்லாம் வியாழன் அன்று பூட்டியிருக்கும்.

நீங்கள் விருந்தாளியாகப் போனால்

என்ன கொண்டுவரட்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் ஒரு பை (pie) இனிப்போ பூங்கொத்தோ எடுத்துப்போவது முறை. சாப்பாடு மதியம் இரண்டுக்கும் இருக்கலாம், மாலை ஐந்துக்கும் இருக்கலாம். நேரத்தைக் கேட்டு, சொன்ன நேரத்துக்கே போய்விடுங்கள்.

சைவக்காரர்கள் அசைவத்தைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்தால் ஏமாந்துபோவார்கள். ஸ்டஃபிங்கை வான்கோழிச் சாற்றில் நனைத்திருப்பார்கள். கிரேவி சொல்லவே வேண்டாம். பீன்ஸில் பன்றி பேக்கன் இருக்கலாம். சர்க்கரைவள்ளியின் மேலுள்ள மார்ஷ்மல்லோ மிட்டாயில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், பூசணி பையின் மாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு. அழைத்தவர்களிடம் ஒரு வாரம் முன்பே நேராகச் சொல்லிவிடுங்கள், அவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வயிறு நிறையும்படி ஒரு தட்டு, பனீரோ காய்கறி பிரியாணியோ, எல்லோருக்கும் போதுமான அளவு கொண்டுபோங்கள்.

காலையில் டிவியில் நியூயார்க்கில் மேஸிஸ் கடை நடத்தும் ஊர்வலம் ஓடும், 1924-ல் தொடங்கியது. பிறகு அமெரிக்கக் கால்பந்து. டெட்ராய்ட் லயன்ஸ் 1934 முதல் இந்த நாளில் ஆடிவருகிறது. சாப்பிடும் முன் சில குடும்பங்களில் ஜெபம் சொல்வார்கள், பல குடும்பங்களில் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று ஒரு வரி சொல்வார்கள். உங்கள் முறை வரும் என்று தெரிந்தே உட்காருங்கள், ஒரு வரி போதும்.

வரலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள். 1621-ல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்தைப் பற்றி அவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் பறவை வேட்டையும் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் வருகின்றன, வான்கோழி என்று குறிப்பிட்டு எதுவும் இல்லை. நாடு முழுவதற்குமான விழாவாக லிங்கன் அறிவித்தது 1863-ல். அந்தப் பூர்வகுடி மக்களில் பலருக்கு இது கொண்டாட்டம் அல்ல. 1970 முதல் அதே பிளிமத்தில், அதே நாளில் துக்கநாள் கடைப்பிடிக்கிறார்கள்.

மிச்சம்

சாப்பிட்டுக் களைத்து சோபாவில் சாய்வதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஓவனிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும், அதற்கு மேல் ஃப்ரீசர். நெஞ்சுக்கறி சாண்ட்விச்சுக்கு. தொடைக்கறியைப் பிய்த்து, ஃப்ரோஸன் பரோட்டா நான்கும் முட்டை இரண்டும் சேர்த்துக் கொத்தினால் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தது. எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய குக்கரில் போட்டு, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளியோடு ஒரு மணி நேரம் வேகவிட்டால் எலும்பு ரசம். முதல் நாள் வெறும் வெண்ணெயும் மாவுமாய்ச் சாப்பிட்ட நாக்குக்கு அதுதான் தேவை.

தட்டில் மிஞ்சிய கொழுப்பை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் ஆறி இறுகிக்கொள்ளும், வெள்ளிக்கிழமை பிளம்பர் கிடைப்பதும் கஷ்டம். பழைய டப்பா ஒன்றில் ஊற்றி, கட்டியானதும் குப்பையில் போடுங்கள். உருளைக்கிழங்குத் தோலும் குப்பைக்கே போகட்டும், சிங்க்கில் அரைக்கும் மெஷினுக்கு வேண்டாம்.